செல்போன் விதி மாறும்போது நம்மையும் கேட்கிறார்கள்



"ரீசார்ஜ் விலை ஏறுது, இறங்குது. நமக்கென்ன தெரியும், அது டெல்லி சமாச்சாரம்" என்று குழுக் கூட்டங்களில் பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த டெல்லி சமாச்சாரத்தில் நாமும் கருத்துச் சொல்ல வழி இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

உரிமம் என்றால் என்ன?

பஸ் ஓட்ட பெர்மிட் வேண்டும். அதுபோல செல்போன் சேவை நடத்த மத்திய அரசின் உரிமம் வேண்டும். யார் நடத்தலாம், என்னென்ன நிபந்தனைகள் என்பதெல்லாம் அதில் வரும். இதற்கு அடிப்படையாக இருந்தது 1885-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தந்திச் சட்டம். தந்தி சேவையே 2013-ல் நின்றுபோச்சு. அதற்குப் பிறகும் சட்டம் மட்டும் நீடித்தது. அதற்குப் பதிலாக 2023 டிசம்பரில் பாராளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டம், 2023 என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இதில் உரிமம் என்ற சொல்லுக்குப் பதில் 'அங்கீகாரம்' என்று வருகிறது.

டிராய் யார்?

1997-ல் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்தான் டிராய். உரிம விஷயத்தில் டிராய் பரிந்துரை செய்யும், முடிவெடுப்பது மத்திய அரசு. கட்டணம், வாடிக்கையாளர் பாதுகாப்பு போன்றவற்றில் டிராயே விதி போடலாம். எதுவானாலும் முதலில் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டு, அதில் கேள்விகள் கேட்டு, பொதுமக்களின் கருத்தை வாங்கும். நிறுவனங்களும் எழுதும், சாதாரண ஜனங்களும் எழுதலாம். புதிய அங்கீகார முறை பற்றி 2024 ஜூலையில் டிராய் இப்படிக் கருத்துக் கேட்டு, செப்டம்பரில் பரிந்துரை கொடுத்தது. 2025 செப்டம்பரில் அரசு வரைவு விதிகளை வெளியிட்டு, மறுபடியும் 30 நாள் கருத்துக் கேட்டது.

இதனால் நமக்கு என்ன லாபம்?

ஒரு உதாரணம் பாருங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு நெட் தேவையில்லை. ஆனால் கடைக்குப் போனால் நெட் சேர்ந்த ரீசார்ஜ்தான் கிடைத்தது. வேண்டாத பொருளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்த கதைதான். 2024 ஜூலையில் டிராய், 'பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வேண்டுமா?' என்று கேட்டது. தேவையில்லை என்று நிறுவனங்கள் வாதாடின. 2024 டிசம்பர் 23-ல் விதி வந்தது: அப்படிப்பட்ட திட்டம் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும், 90 நாள் என்றிருந்த உச்சவரம்பு 365 நாள் ஆனது.

2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. ஆனால் விலையை நிர்ணயிப்பது நிறுவனங்களின் கையிலேயே விடப்பட்டது. அப்போது வந்தவை பெரும்பாலும் 84 நாள், 365 நாள் திட்டங்கள். அன்றாடம் கூலி வாங்கிப் பிழைப்பவர் அவ்வளவு பணத்தை ஒரே நாளில் எப்படிக் கட்டுவார்? சின்னத் தொகையில், குறைந்த நாளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்பதை நம்மைவிட யார் சரியாகச் சொல்ல முடியும்? நாம் எழுதாவிட்டால் அந்தக் கூலித் தொழிலாளியின் கணக்கு அங்கே போய்ச் சேராது.

எப்படி எழுதுவது?

1. கலந்தாய்வு அறிக்கை வெளிவந்தால் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். படித்த பிள்ளைகளையோ கூட்டமைப்பு அலுவலகத்தையோ கேட்டுப் புரிந்துகொள்ளலாம்.
2. குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எத்தனை பேரிடம் பட்டன் போன், மாதம் எவ்வளவு ரீசார்ஜ், எந்தத் தெருவில் சிக்னல் இல்லை என்று கணக்கோடு எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.
3. "எங்களுக்குக் கஷ்டம்" என்பதோடு நிறுத்தாமல், என்ன மாற்றம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.
4. வரும் கருத்துகளை டிராய் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும். அதனால் உறுப்பினர்களின் போன் நம்பர், ஆதார் எண் எழுத வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பணம் பிடித்துவிட்டார்கள், சிம் வேலை செய்யவில்லை போன்ற தனிப்பட்ட புகாரை டிராய் விசாரிக்காது. அதற்கு முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தில் புகார் எண் வாங்க வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

நாம் எழுதியதெல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கிராமசபையில் வாய் திறக்கப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் குழுவின் ரீசார்ஜ் கணக்கை எடுத்து, பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்குக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த கலந்தாய்வு வரும்போது கணக்கு நம் கையில் தயாராக இருக்கட்டும்.