காமிக்ஸ் பதிப்பகத்தின் காட்சி அடையாள வழிகாட்டி

காட்சி அடையாள வழிகாட்டி என்பது ஒரு பதிப்பகத்தின் பெயர், இலச்சினை, எழுத்துரு, வண்ணம், அட்டை அமைப்பு ஆகியவை அதன் எல்லா வெளியீடுகளிலும் எவ்வாறு இடம்பெற வேண்டும் என்று வரையறுக்கும் விதித்தொகுப்பு ஆகும். பெரிய பத்திரிகை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் சிறு காமிக்ஸ் பதிப்பகங்களுக்கு இது மிகவும் தேவைப்படுகிறது. தமிழில் வெளிவரும் காமிக்ஸ்களில் பெரும்பாலானவை அயல்நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். அவற்றின் நாயகர்கள் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமானவர்கள். உரிம ஒப்பந்தம் முடிந்தால் நாயகன் போய்விடுவான். பதிப்பகத்திடம் எஞ்சுவது அதன் பெயரும் முகமும் மட்டுமே.

கடையில் புத்தகம் தெரியும் விதம்

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் பேருந்து நிலையக் கடைகளில் இதழ்கள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடப்படும், அல்லது ஒன்றின்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கப்படும். இரண்டிலும் முழு அட்டை தெரியாது. மேல் விளிம்போ இடது ஓரமோதான் கண்ணில் படும். நெய்வேலி புத்தகக் கண்காட்சி போன்ற இடங்களில் மேசைமேல் முழு அட்டை தெரியும். நூலக அலமாரியில் புத்தகத்தின் முதுகு மட்டுமே தெரியும்.

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1963இல் இதற்கு ஓர் எளிய தீர்வு கண்டது. அட்டையின் இடது மேல் மூலையில் ஒரு சிறு பெட்டி அமைத்து, அதில் நிறுவனப் பெயர், விலை, நாயகனின் சிறு உருவம் ஆகியவற்றை வைத்தது. ஓவியர் ஸ்டீவ் டிட்கோவின் யோசனை இது. புத்தகத்தின் பெரும்பகுதி மறைந்திருந்தாலும் எந்த நாயகனின் இதழ் என்று சிறுவர்களால் கண்டுகொள்ள முடிந்தது.

நம் நாட்டில் இதே வேலையைத் தீப்பெட்டிப் படங்கள் செய்துவந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தின் பெயரைச் சொல்லிக் கடையில் தமக்குப் பிடித்த தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினர். அத்தகைய படங்களை அச்சிட்ட சிவகாசியிலிருந்துதான் தமிழின் முக்கியமான காமிக்ஸ் இதழ்களும் வெளிவந்தன.

முத்து, லயன் இதழ்கள்

முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் மு. சவுந்தரபாண்டியனால் தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழ் "இரும்புக்கை மாயாவி". இவர் பிரிட்டனில் 'வேலியண்ட்' வார இதழில் 1962 முதல் வெளிவந்த "ஸ்டீல் கிளா" தொடரின் நாயகர். மூலத்தில் இவர் பெயர் லூயிஸ் கிராண்டல். அவர் மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். மாடஸ்டி பிளைசி கதை அதன் முதல் இதழாக வந்தது. பின்னர் திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்ற பெயர்களிலும் இதழ்கள் வந்தன.

இவ்விதழ்கள் நெடுங்காலம் மலிவுத் தாளில், கறுப்பு வெள்ளையில், சிறிய அளவில் வெளிவந்தன. 2000க்குப் பிறகு இதழ்கள் வருவது குறைந்தது. 2012 சனவரியில் லயன் "கம்பேக் ஸ்பெஷல்" மூலம் பெரிய அளவு, வழவழப்பான தாள், வண்ணம், 100 ரூபாய் விலை என்ற புதிய வடிவத்திற்கு மாறியது. அளவு, தாள், வண்ணம், விலை ஆகிய அனைத்தும் மாறியபோதும் வாசகரைப் பழைய இதழோடு இணைத்த கயிறு "லயன்", "முத்து" என்ற பெயர்களே. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற கேள்விக்கு இது நல்ல பாடம். வடிவம் காலத்துக்கேற்ப மாறலாம். பெயரும் அதன் எழுத்து வடிவமும் எளிதில் மாறலாகாது.

சூட்டிய பெயரும் அடையாளமே

மொழிபெயர்ப்புக் காமிக்ஸில் நாயகனுக்குச் சூட்டும் தமிழ்ப் பெயரும் பதிப்பகத்தின் அடையாளத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு மொழி நாயகன் புளூபெர்ரி, லயன்-முத்து இதழ்களில் "கேப்டன் டைகர்" ஆனார். இப்பெயர் மூலத்தில் எங்கும் இல்லை.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழில் சான்று உண்டு. முத்து காமிக்ஸில் "மாயாவி" என்றால் இரும்புக்கை மாயாவி. ஆங்கிலத் தொடரான ஃபேண்டமின் நாயகர் அங்கே "வேதாளர்". தினத்தந்தி குழுமம் 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸிலோ அதே ஃபேண்டம் நாயகர்தான் "மாயாவி". எனவே "மாயாவி புத்தகம்" என்று கேட்ட இருவர் இரண்டு வேறு நாயகர்களைத் தேடியிருக்கலாம். பெயர்ப் பட்டியல் ஒன்றை வழிகாட்டியில் சேர்த்து, மூலப் பெயர், தமிழ்ப் பெயர், எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைக் குறித்துவைப்பது இதனால் அவசியமாகிறது. "டெக்ஸ் வில்லர்" ஓர் இதழில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் எழுதப்படக் கூடாது.

வழிகாட்டியில் இடம்பெற வேண்டியவை

இலச்சினை: வண்ணத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, மிகச் சிறிய அளவுக்கு ஒன்று என மூன்று வடிவங்கள் வேண்டும். தமிழில் புள்ளியைக் குறித்து ஒரு தனி விதி தேவை. இலச்சினையைச் சுருக்கும்போது புள்ளி மறைந்தால் "முத்து" என்பது "முதது" ஆகிவிடும், "லயன்" என்பது "லயன" ஆகிவிடும். புள்ளி தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த அளவு எது என்று அச்சிட்டுப் பார்த்து, அதற்குக் கீழே சுருக்கக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டும்.

எழுத்துரு: தலைப்புக்கு ஒன்று, வசனத்துக்கு ஒன்று, விவரங்களுக்கு ஒன்று போதும். பழைய குறியாக்க எழுத்துருக்களைத் தவிர்த்து ஒருங்குறி எழுத்துருக்களைப் பயன்படுத்தினால், பின்னாளில் மின்னூலாக மாற்றுவது எளிது. முக்தா மலர், மீரா இனிமை, பலூ தம்பி, கவிவனார் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வசனக் குமிழி: ஆங்கில காமிக்ஸில் வசனம் பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் இருப்பதால் வரிகளை நெருக்கி அமைக்க முடிகிறது. தமிழில் 'கி', 'கீ' மேலேயும் 'கு', 'மூ' கீழேயும் நீள்வதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். சொற்களும் நீளமானவை. குமிழியின் அளவு மாறாது. ஆகவே எழுத்தைச் சிறிதாக்குவதற்கு முன் வசனத்தைச் சுருக்க வேண்டும். "எழுத்தின் அளவு இதற்குக் கீழே இறங்கக் கூடாது" என்ற ஒரு வரி வாசகரின் கண்களைக் காப்பாற்றும்.

வண்ணம்: அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் பயன்படுகின்றன, திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகள். இரண்டுக்கும் தனித்தனி எண்களைக் குறிக்க வேண்டும். மலிவுத் தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கச் செய்வதால், அதற்கும் வழவழப்புத் தாளுக்கும் வேறுவேறு அளவுகள் தேவைப்படும். வசன எழுத்துகளைக் கறுப்பு மையால் மட்டுமே அச்சிட வேண்டும். நான்கு மைகளும் கலந்தால், தாள் சற்று நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

அட்டையும் முதுகும்: இலச்சினை, இதழ் எண், விலை ஆகியவற்றின் இடம் நிலையாக இருக்க வேண்டும். ஓவியம் மட்டும் இதழுக்கு இதழ் மாறலாம். முதுகில் எழுத்து மேலிருந்து கீழாகவா, கீழிருந்து மேலாகவா என்பதை ஒருமுறை முடிவுசெய்து அதையே தொடர வேண்டும். சேகரிப்பவர்கள் அலமாரியில் வரிசையாக அடுக்கும்போது இதன் அருமை புரியும்.

சட்டப் பாதுகாப்பு

இந்தியாவில் பெயரையும் இலச்சினையையும் வணிகக் குறியீடுகள் சட்டம் 1999இன்கீழ் பதிவு செய்யலாம். அச்சிட்ட நூல்களும் இதழ்களும் 16ஆம் வகுப்பில் வருகின்றன. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

இலச்சினையை வெளி ஓவியர் ஒருவர் வரைந்தால், பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே எனக் கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும். சிறு பதிப்பகங்கள் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டால், தம் முகத்தையே இழக்க நேரிடலாம்.

எவ்வளவு எழுத வேண்டும்?

வழிகாட்டி தடித்த நூலாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் பெங்குவின் பதிப்பகம் 1935இல் புனைகதைக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு அடர் நீலம் என்று அட்டைகளுக்கு நிறம் வகுத்தது. 1947இல் அங்கு சேர்ந்த யான் சிக்கோல்ட், பல அச்சகங்களில் அச்சாகும் நூல்கள் ஒரே தோற்றத்தில் அமைய எழுதிய அச்சுக்கோப்பு விதிகள் 4 பக்கங்களே.

சிதம்பரத்தில் சில மாணவர்கள் சேர்ந்து பிச்சாவரம் அலையாத்திக் காடுகளைக் களமாகக் கொண்ட ஒரு காமிக்ஸ் தொடரைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் இதழுக்கு முன் அவர்கள் ஒரே தாளில் ஐந்தைக் குறித்துக்கொண்டால் போதும்: இலச்சினையும் அதன் மிகக் குறைந்த அளவும், எழுத்துருக்களின் பெயர், மூன்று வண்ணங்களின் எண்கள், அட்டை அமைப்பின் வரைபடம், பாத்திரப் பெயர்களின் பட்டியல். அவர்களின் நாயகர்கள் சொந்தப் படைப்பு என்பதால், ஒவ்வொரு பாத்திரமும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எப்படித் தோன்றும் என்ற மாதிரிப் படத்தையும் சேர்க்க வேண்டும்.

படிப்பு முடிந்து மாணவர்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போகலாம், ஓவியர் மாறலாம், அச்சகம் மாறலாம். பத்தாவது இதழும் முதல் இதழின் உடன்பிறப்பாகத் தெரிய, அந்த ஒரு தாள் கைமாறினால் போதுமானது.