மழையும் கடலும் ஈன்ற சுவை



ஸ்பெயின் நாட்டின் வெண் திராட்சை மது ஒன்றைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேசலாமா என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நான் மது அருந்துபவன் அல்லேன். அருந்துமாறு உங்களுக்கு உரைப்பவனும் அல்லேன். ஒரு நிலத்தின் இயல்பு அங்கு விளையும் பொருளின் சுவையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்கு நல்ல சான்றாக இருப்பதால் இதனை எடுத்துக்கொண்டேன்.

ஸ்பெயின் என்றவுடன் வறண்ட பீடபூமியும் சுடுவெயிலுமே நம் நினைவிற்கு வரும். ஆனால், அந்நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியா பசுமை மிக்கது. அங்கே ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து நீண்ட உட்கடல்களாகக் கிடக்கிறது. அவற்றை 'ரீயா' என்பர். ரீயாஸ் பைஷாஸ் என்னும் அப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கு விளையும் திராட்சையே அல்பரிஞோ.

ஈரம் மிகுந்தால் திராட்சையைப் பூஞ்சை பற்றும் அல்லவா? இத்திராட்சையின் தோல் தடித்திருப்பது ஒரு காப்பு. உழவர்கள் கருங்கல் தூண்கள் நட்டு, ஆளுயரத்திற்கு மேல் பந்தல் அமைத்துக் கொடியைப் படரவிடுவது மற்றொரு காப்பு. கொடியின் கீழே காற்று உலாவ, ஈரம் உலர்ந்துவிடும். கருங்கல் சிதைந்த மணற்பாங்கான மண்ணில் நீரும் தேங்குவதில்லை.

வெப்பம் மிகுந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் விரைந்து குறையும். கடற்காற்றின் குளிர்ச்சியால் இங்கு அது பெரிதும் எஞ்சுகிறது. ஆகவே இம்மதுவில் பீச்சுப் பழம், எலுமிச்சை ஆகியவற்றின் மணமும், கூர்மையான புளிப்பும், சிறிது உவர்ப்பும் உண்டு என்பர்.

இனி, இதனோடு பொருந்தும் உணவைப் பார்ப்போம். அவ்வுட்கடல்களில் மரத் தெப்பங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு மட்டிகளை வளர்க்கின்றனர். அம்மட்டியும் சிப்பியும் நண்டும் மீனுமே இதற்கு ஏற்ற துணை. காரணம் வேதியியலில் இருக்கிறது. மீன்வாடையைத் தரும் அமீன்கள் காரத்தன்மை உடையவை. அமிலம் சேர்ந்தால் அவை எளிதில் ஆவியாகாத உப்புகளாக மாறுகின்றன. மீன் குழம்பில் நாம் புளி சேர்ப்பதும் இவ்வகையில் உதவுகிறது. மதுவில் இரும்பு மிகுந்திருந்தால் சிப்பியுணவோடு சேரும்போது மீன்வாடை மிகும் என்று 2009-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். செந்திராட்சை மதுவகைகள் பல கடலுணவோடு இணங்காமைக்கு இதுவும் ஒரு காரணம். அதுபோலவே, கனத்த இறைச்சி உணவோடு சேர்ந்தால் அல்பரிஞோவின் மென்மணம் அமிழ்ந்துவிடும்.

இத்திராட்சையைப் பற்றிப் பழங்கதை ஒன்று உண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற ரீஸ்லிங் திராட்சையைத் துறவிகள் கொண்டுவந்து நட்டனர் என்றும், அதன் வழித்தோன்றலே அல்பரிஞோ என்றும் நெடுங்காலம் கூறிவந்தனர். மரபணு ஆய்வுகள் அக்கூற்றை ஏற்கவில்லை. இது ஐபீரியத் தீபகற்பத்தின் வடமேற்கு நிலத்திற்கே உரியது என்பதே இன்றைய அறிஞர் கருத்து. 1988-ஆம் ஆண்டில் ரீயாஸ் பைஷாஸ் என்னும் பெயர், இம்மது விளையும் இடத்தைக் குறிக்கும் உரிமைப் பெயராகச் சட்டத்தின் காப்பைப் பெற்றது.

பெருமைக்காக அயல்நாட்டு முன்னோரைத் தேடித் தந்தனர். உண்மையான பெருமையோ அதன் சொந்த மழையிலும் மண்ணிலும் கடலிலும் இருந்தது. எப்பொருளைக் கண்டாலும், அது எந்நிலத்தில் ஏன் அவ்வாறு விளைந்தது என்று கேளுங்கள். அக்கேள்வி, பழங்கதை எது, உண்மை எது என்று பிரித்தறிய உங்களுக்குத் துணை நிற்கும்.