அடித்த கையும் அழும் மனமும்

நான்கு வயதுப் பிள்ளை பால்மாப் பேணியைக் கவிழ்த்துவிடுகிறது. "தொடாதே" என்று தாய் மூன்று முறை சொல்லியிருந்தாள். கை ஓங்கி ஓர் அடி விழுகிறது. இரவில் விம்மல் அடங்காமலேயே உறங்கிவிட்ட பிள்ளையின் அருகில் அமர்ந்து, அடித்த இடத்தை அவளே தடவிக் கொடுக்கிறாள். நமது வீடுகளில் இக்காட்சி புதியதன்று. அடிக்காவிட்டால் பிள்ளை கெட்டுவிடுமோ என்ற அச்சமும், அடித்துவிட்டோமே என்ற வேதனையும் ஒரே மனத்தில் ஒரே வேளையில் குடியிருக்கின்றன.

"அடியாத மாடு படியாது" என்று மூத்தோர் சொல்வர். தாமும் பூவரசந்தடியாலும் அகப்பைக் காம்பாலும் அடிபட்டு வளர்ந்தவர்களே என்றும், அதனால் கெட்டுப்போய்விடவில்லை என்றும் கூறுவர். அதை முற்றாக மறுப்பதற்கில்லை. எனினும் அவர்களை ஆளாக்கியது அந்தத் தடிதானா, அல்லது தடியை ஓங்கிய அதே வீட்டில் கிடைத்த சோறும் அரவணைப்பும் அம்மம்மாவின் அல்லது மூத்தம்மாவின் மடியுமா என்பதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அடி உடனடியாகப் பலன் தருகிறது என்பது உண்மையே. பிள்ளை அந்தக் கணமே நிறுத்திவிடுகிறது. நம்மை ஏமாற்றுவதும் அதுதான். உந்துதலை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெறுவதற்கு இருபது வயதைத் தாண்டியும் காலம் எடுக்கிறது. மூன்று வயதில் "தொடாதே" என்ற சொல் விளங்கினாலும் கையை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் வந்திருக்காது. ஆகவே மறுநாளும் பேணி கவிழும். அமெரிக்க ஆய்வாளர்களான எலிசபெத் கெர்ஷோப், அன்ட்ரூ குரோகன் கெய்லர் ஆகிய இருவரும் 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 160,000 சிறார் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2016 இல் வெளியிட்டனர். அடி, கீழ்ப்படிவை வளர்த்ததற்கான சான்று அதில் இல்லை. மாறாக மூர்க்கம், மனநலப் பாதிப்பு, பெற்றோருடனான உறவுக் குறைவு ஆகியவற்றுடனேயே அது தொடர்புபட்டிருந்தது.

உண்மையில் நாம் எப்போது அடிக்கிறோம்? பிள்ளையின் தவறு பெரிதாக இருக்கும்போதா? பெரும்பாலும் இல்லை. மாலையில் களைத்து வீடு திரும்பும் வேளையில், கடன்காரர் வந்துபோன நாளில், கணவனும் மனைவியும் முகம்கொடுத்துப் பேசாத வாரத்தில்தான் கை எளிதாக நீளுகிறது. எல்லாவற்றிலும் கொடியது விருந்தினர் முன்னால் விழும் அடி. "வளர்ப்புச் சரியில்லை" என்று உறவினர் நினைத்துவிடுவார்களே என்ற கூச்சத்தில் பிள்ளையின் கன்னம் சிவக்கிறது. அந்த அடி பிள்ளையைத் திருத்துவதற்கானதன்று. வந்தவர்களுக்காக நடத்தப்படும் காட்சியே அது. வந்தவர்கள் தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுவார்கள்.

அடித்த பின்னர் வரும் குற்ற உணர்வு இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம், கைத்தொலைபேசியை நீட்டுகிறோம். நேற்று அடி விழுந்த காரியத்துக்கு இன்று சலுகை கிடைத்தால், எது பிழை என்று பிள்ளை எவ்வாறு அறியும்? வெளிநாட்டில் உழைக்கும் தந்தையரின் வீடுகளில் "அப்பா வரட்டும்", "வாப்பா வரட்டும்" என்ற மிரட்டலும், அவர் விடுமுறையில் வந்ததும் அளவற்ற செல்லமும் மாறி மாறி நடப்பதைக் காணலாம். கண்டிப்பையும் கனிவையும் ஒருசேரக் கொண்ட பெற்றோரை, வெறும் அதிகாரம் செலுத்துவோரிடமிருந்தும் எதற்கும் இணங்கிவிடுவோரிடமிருந்தும் உளவியலாளர் டயானா போம்ரிண்ட் 1960 களிலேயே வேறுபடுத்திக் காட்டினார். அடிக்காமல் விடுவது கண்டிக்காமல் விடுவதாகாது.

சமயத்தை ஆதாரம் காட்டுவோரும் உளர். ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறும், பத்து வயதில் தொழாவிடின் அடிக்குமாறும் கூறும் நபிமொழியை முஸ்லிம் பெற்றோர் எடுத்துரைப்பதுண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதிலும் அடி கூறப்படவில்லை என்பது கவனிக்கப்படுவதில்லை. சிறுவராகச் சேர்ந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் அவர்கள், நபிகளார் ஒருமுறையேனும் தம்மிடம் சலித்துக்கொண்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் பிள்ளைகளின் உடலைத் தீண்டுவதன் இன்பத்தைப் பேசுகிறாரேயன்றித் தண்டிப்பதைப் பேசவில்லை.

இலங்கை 1991 இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் சுற்றுநிருபம் 2005 இல் வெளியானது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவரின் வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டின் கதவு வேறு. 1979 இல் வீட்டிலும் அடிப்பதைத் தடைசெய்த சுவீடன், அச்செய்தியைப் பால் பெட்டிகளில் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பியது. பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவது அந்நாட்டின் நோக்கமாக இருக்கவில்லை.

இவை எல்லாவற்றிலும் பாரதூரமானது ஒன்றுண்டு. உடைந்த கோப்பையைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை அயலவரோ உறவினரோ தகாத முறையில் தொட்டால் அதையும் ஒளிக்கும். அடி விழும் என்ற பயமே அதன் வாயைக் கட்டிவிடும். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி மேடைகளில் பேசும் நாம், பிள்ளை நம்மிடம் வந்து சொல்லக்கூடிய வழியை வீட்டிலேயே அடைத்துவிடுகிறோம்.

கவிழ்ந்த மாவைப் பிள்ளையின் கையாலேயே துடைக்கச் செய்யலாம். பேணியை எட்டாத உயரத்தில் வைக்கலாம். கோபம் தலைக்கேறினால் அடுத்த அறைக்குச் சென்று தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கை நீண்டுவிட்டால் "அடித்தது பிழை, ஆனால் மாவைக் கொட்டியதும் பிழை" என்று சொல்லலாம். அதனால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால் துடைக்கச் செய்வதற்குப் பத்து நிமிடம் வேண்டும், அடிக்கு ஒரு நொடி போதும். அந்தப் பத்து நிமிடத்தைத் தனியொருத்தியாக அடுப்படியில் நிற்கும் தாயிடம் மட்டும் கேட்பது நியாயமன்று. மாலையில் வீடு வந்து தொலைக்காட்சி முன் அமரும் தந்தையிடமும் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.