கணினியின் நேரத்தைச் சரிபாருங்கள்

புல்மோட்டைக்குத் திரும்பும்போது பழைய கணினியையும் கொண்டு வந்தீர்களா? அதன் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள்.

மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15 முதல் மீண்டும் பழைய நேரமே: கிரீன்விச் +5:30. அதற்கு முந்திய கணினிகளில் இலங்கை நேரம் +6:00 என்று பதிந்திருக்கலாம். அப்படியானால் மின்னஞ்சலிலும் விண்ணப்பத்திலும் அரை மணித்தியாலம் பிழையாக விழும்.

மணியை மட்டும் திருத்தினால் இணையத்தில் இணைந்ததும் பிழை திரும்பிவிடும். நேர வலயத்தையே மாற்றுங்கள். பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா’ உள்ள வரியைத் தெரிவுசெய்யுங்கள், அதுவும் +5:30தான்.

இலண்டன் உறவினருடன் பேசுவோர் கவனிக்க: மாரியில் அவர்கள் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. மாறுவது அவர்களது நேரம். உங்கள் கடிகாரத்தைத் தொடவேண்டாம்.