டிராக்டருக்கும் காய்ச்சல் வரும்!



நம்ம ஆலங்குடிப் பக்கம் தைலமரக் கட்டை ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். என் சித்தப்பாவுக்கும் அதுதான் தொழில். டிராக்டர் கடனில் வாங்கியது. லீவு நாளில் நானும் கூடப் போவேன். எனக்கு ஒரே ஒரு வேலைதான். மேட்டில் வண்டி நின்றுவிட்டால், குதித்து ஓடி டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க வேண்டும்.

போன கார்த்திகையில் ஒரு நாள், "ரெண்டு நடையை ஒரே நடையா முடிச்சுருவோம்டா" என்று சித்தப்பா அளவுக்கு மேல் கட்டை ஏற்றிவிட்டார். கண்மாய்க் கரையில் பாதி மேடு ஏறியதும் வண்டி திணறியது. இன்ஜின் இரைகிறது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை. முடி கருகுவது போல ஒரு நாற்றம். கீழிருந்து புகை. அப்புறம் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது! சித்தப்பா பிரேக்கை அழுத்த, நான் பக்கவாட்டில் நின்று கல்லைப் போட்டேன். உருண்டது இரண்டு அடிதான். ஆனால் இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

பட்டறை அண்ணன் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, வண்டி மேல தப்பு இல்ல. உங்க இடது கால் மேலதான் தப்பு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிளட்ச் என்ன செய்கிறது?

இன்ஜினோடு சுற்றுவது ஃப்ளைவீல். கியர் பாக்ஸோடு சுற்றுவது கிளட்ச் பிளேட். இரண்டும் இறுக்கமாக ஒட்டினால் இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகும். இடது காலால் மிதித்தால் இரண்டும் பிரியும். காலைப் பாதி மிதித்தபடி வைத்தால் முழுதாக ஒட்டாது, முழுதாகப் பிரியாது. ஒன்றோடு ஒன்று தேயும். குளிருக்கு நாம் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு வருகிறதே, அதே சூடுதான் இது.

எவ்வளவு சூடு?

1 குதிரைத்திறன் என்பது 746 வாட். கிளட்ச் தேயும்போது அதில் 20 குதிரைத்திறன் வீணானால் சுமார் 15,000 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று வைத்துக்கொண்டால், 15 இஸ்திரிப் பெட்டிகளின் சூடு ஒரே தட்டில் இறங்குகிறது! பிளேட் கருகாமல் என்ன செய்யும்?

இன்னொரு கணக்கு

வண்டியும் சுமையும் சேர்த்து 8 டன் என்க. சமதரையில், இன்ஜின் ஒரே வேகத்தில் சுற்ற வண்டியைக் கிளப்பினால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குக் குறையாத அளவு கிளட்சில் சூடாகிவிடும். லோ கியரில் 3 கி.மீ. வேகத்தில் கிளட்ச் முழுதாக ஒட்டினால் சுமார் 2,800 ஜூல். அவசரப்பட்டு மேல் கியரில் கிளப்பி, 9 கி.மீ. வேகத்தில் ஒட்டினால் 25,000 ஜூல். வேகம் 3 மடங்கு, சூடோ 9 மடங்கு! நம் பாடத்தில் வரும் ½mv² சூத்திரம் கண்மாய்க் கரையிலும் இருக்கிறது பாருங்கள்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பின்னால் பெரிய டிரெய்லர் மாட்டி இழுக்கிறார்கள். அதில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்தான், கிளட்ச் பெடல் கிடையாது. எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள் இருக்கும். ஒன்று சுற்ற, எண்ணெய் தள்ளி மற்றது சுற்றும். ஜெர்மனியின் ஃபாட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாரம் கூடினால் ஒரு விசிறி பின்தங்கும், எண்ணெய் வீணாகக் கலங்கிச் சூடாகும். 1845-இல் ஜூல் தண்ணீரைத் துடுப்பால் கலக்கிச் சூடாக்கிக் காட்டிய சோதனைதான் இதுவும். அதனால் பல வண்டிகளில் அந்த எண்ணெய்க்கு வெப்பமானி உண்டு. பொதுவாக 80 முதல் 95 டிகிரி நல்லது. 120-ஐத் தாண்டினால் எண்ணெய் சீக்கிரம் கெடும். அங்கே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டால், எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். நம்ம டிராக்டரின் சாதாரண கிளட்சுக்கு வெப்பமானியும் இல்லை, கூலரும் இல்லை. நம் மூக்குதான் வெப்பமானி!

பட்டறை அண்ணன் சொன்ன யோசனைகள்:

1. மேடு வருவதற்கு முன்பே லோ கியர் போட்டுவிட வேண்டும். நடு மேட்டில் மாற்றக் கூடாது.
2. ஓடும்போது கிளட்ச் பெடல் மேல் கால் வைக்கக் கூடாது.
3. மேட்டில் நிற்க வேண்டுமா? பிரேக்கில் நில். பாதி கிளட்சில் தாங்கி நிற்காதே.
4. கருகல் வாசம் வந்தால் உடனே நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் சூட்டில் இருக்கும் இரும்பு விரிசல் விடும்.
5. கியர் ஆயில் அளவைக் குச்சியில் பார்க்க வேண்டும். கறுத்து, கருகிய வாசம் வந்தால் மாற்ற வேண்டும்.
6. இரண்டு நடைச் சுமையை ஒரு நடையில் ஏற்றக் கூடாது.

சித்தப்பா மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு நடை டீசல். போனதோ நான்கு நாள் வாடகை, பிளேட் செலவு, அந்த மாதத் தவணைக்குச் சித்தி காதில் இருந்த தோடு. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பள்ளி விட்டதும் நம்மில் சிலர் டிராக்டர் டிரெய்லரின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறோம். நானும் தொங்கியிருக்கிறேன். அன்று வண்டி உருண்டது இரண்டு அடிதான். அந்த இரண்டு அடிக்குள் யாராவது இருந்திருந்தால்? கிளட்ச் பிளேட்டை மாற்றிவிடலாம். மற்றதை மாற்ற முடியாது, நண்பர்களே!



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்