உயிர் பிழைத்தாயிற்று, நினைவும் கவனமும்?

தென்காசியிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் சாலையில் லாரிகள் ஓய்வதே இல்லை. சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு வரும் வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஈரச் சாலையில் தலைக்கவசம் இல்லாமல் சறுக்கி விழுபவர்கள், தென்னையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுபவர்கள் எனத் தலைக்காயம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 108 ஆம்புலன்சும், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் (2021 டிசம்பரில் தொடங்கியது) பல உயிர்களைக் காப்பாற்றுகின்றன. வீடு திரும்பிய பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. “பிழைச்சு வந்ததே பெருசு” என்று சொன்ன அதே வீட்டில், மூன்று மாதம் கழித்து, “ஆளு முன்ன மாதிரி இல்லையே” என்ற பேச்சு எழுகிறது.

ஸ்கேனில் தெரியாத காயம்

வேகமாக மோதும்போது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. நெற்றிக்குப் பின்னாலும் காதுக்கு மேலேயும் உள்ள பகுதிகள் அதிகம் அடிபடுகின்றன. மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இந்த இழைச்சேதம் சி.டி. ஸ்கேனில் தெரியாமலே போகலாம். கவனம், நினைவு, திட்டமிடுதல், கோபத்தை அடக்குதல் எல்லாம் இப்பகுதிகளின் பொறுப்பு.

அதனால்தான் அடிபட்டவர் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். டிவி ஓடினால் எதிரில் இருப்பவர் பேசுவது மனதில் ஏறுவதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். குளிக்கக்கூட ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டார் இதைச் சோம்பல் என்கிறார்கள், வேண்டுமென்றே செய்வதாகத் திட்டுகிறார்கள், சில இடங்களில் மந்திரிக்கவும் அழைத்துப் போகிறார்கள். இது மூளைக்காயத்தின் நேரடி விளைவு. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது.

கணினி என்ன செய்கிறது

இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்ட வீரர்களுக்காக சோவியத் ரஷ்யாவின் நரம்பியல் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா மறுவாழ்வுப் பயிற்சிகளை வகுத்தார். தாளும் பென்சிலுமாக நடந்துவந்த இத்தகைய பயிற்சிகள் 1980களில் கணினிக்கு வரத் தொடங்கின.

முதலில் மருத்துவ உளவியலாளர் விரிவாகச் சோதித்து, எந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்டறிவார். இந்தியர்களுக்கான சோதனைத் தொகுப்பைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்டது. பிறகுதான் திரை. வரிசையாக வரும் படங்களில் குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும்; அல்லது காட்டிய எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் கடினம் கூடும், தவறினால் குறையும். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் சிறு சிறு அமர்வுகளே நல்லது.

இதில் நான் பெரிதாக மதிக்கும் பயன் வேறு. மூளைக்காயம் பட்ட பலருக்குத் தங்கள் குறை தெரிவதே இல்லை. மனைவி சுட்டிக்காட்டினால் சண்டை வரும். திரை காட்டும் தவறுகளை அவரே பார்க்கும்போது, “நமக்கு எங்கோ பிசகுது” என்று ஒப்புக்கொள்ள வழி பிறக்கிறது. சிகிச்சை உண்மையில் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஆனால் திரையில் மதிப்பெண் கூடினால் கடைத்தெருவிலும் கவனம் கூடிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். 2014-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்ட ‘இன்காக்’ என்ற பன்னாட்டுப் பரிந்துரைகள், அன்றாட வேலையோடு தொடர்பில்லாத கணினிக் கவனப் பயிற்சியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதை ஏற்கவில்லை. மூளை விளையாட்டுச் செயலியான லுமோசிட்டி, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016-இல் 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. செயலிக்குச் சந்தா கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பீடித் தட்டும் பயிற்சிக் கருவிதான்

இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அது உடம்புக்கு ஆகாத தொழில். ஆனால் பல வீடுகளில் உலை கொதிப்பது அதனால்தான். இலை நறுக்கி, தூளை அளவாக வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, 25 எண்ணிக் கட்டாக்க வேண்டும். தலையில் அடிபட்டவருக்கு எண்ணிக்கை நடுவிலேயே நழுவும். காலையில் திரையில் கவனப் பயிற்சி செய்தவர், பிற்பகல் டிவியை அணைத்துவிட்டு, ஐந்து ஐந்தாகப் பிரித்து வைத்து, வாய்விட்டு எண்ணிக் கட்டு போட்டுப் பழகட்டும். எத்தனை கட்டு சரியாக வந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி விற்பவருக்கு எடையும் சில்லறையுமே பாடம். அவரவர் தொழிலைச் சிகிச்சையாளரிடம் விவரமாகச் சொல்லுங்கள். பயிற்சியை அதிலிருந்து அமைக்கச் சொல்லுங்கள்.

“இது யாரு, சொல்லு பாப்போம்” என்று சோதிப்பதை நிறுத்துங்கள். நினைவு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் தவறாக ஊகித்தால், அந்தத் தவறே மனதில் படிந்துவிடும். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் இதை ஆய்வில் காட்டினார்கள். சரியான விடையை முதலிலேயே சொல்லிக்கொடுத்து, குறிப்புகளைப் பிறகு மெல்லக் குறையுங்கள்.

கையிலிருக்கும் போன்

அதே வில்சன் குழு 2001-இல் இங்கிலாந்தில் 143 பேரிடம் ஒரு பேஜரைக் கொடுத்துப் பார்த்தது. மாத்திரை, சாப்பாடு என உரிய நேரத்தில் அது நினைவூட்டும். சோதனையை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அன்றாட வேலைகளைத் தெளிவாகக் கூடுதலாகச் செய்தார்கள். இன்று எல்லோர் சட்டைப்பையிலும் அதைவிடச் சிறந்த கருவி இருக்கிறது. “அப்பா, எட்டு மணி மாத்திரை” என்று மகள் குரலிலேயே அலாரம் வைக்கலாம். கேஸை அணைத்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நினைவுக்குத் துணை வைத்தால் மூளை சோம்பிவிடும் என்று சில பெரியவர்கள் தடுக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

யாரிடம் போவது

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல், மனநலப் பிரிவுகளில் விசாரியுங்கள். உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். கவனித்துக்கொள்பவர் மனம் சோர்ந்துபோனால் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம்.

ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக ஒரு செயலியை நடத்துகிறது. ஊர்ப் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறார். தொலைவிலிருந்து நிபுணர்கள் வழிகாட்டுகிறார்கள். தலைக்காயம் பட்ட பெரியவர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஏற்கெனவே இயன்முறை மருத்துவரை வீட்டுக்கு அனுப்புகிறது. நினைவுப் பயிற்சியையும் அதில் சேர்க்கலாம்.

அருவிக்குப் போகும் முன்

குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்ற நம்பிக்கை பழையது. மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்திருந்தால், அந்த இடத்தில் மூளைக்கு மேலே தோல் மட்டுமே இருக்கும். அவரைப் பேரருவியிலோ ஐந்தருவியிலோ நிற்க வைப்பது பேராபத்து. தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வரவும் வாய்ப்புண்டு. வழுக்குப் பாறையில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அறுவை செய்த மருத்துவர் அனுமதிக்கும்வரை அருவிக்கு அழைத்துப் போகாதீர்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.