ஓய்வுக்கால வாசஸ்தலம்

சென்னையில் முப்பதாண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெறுவோர் பலர், கையில் வந்த பணிக்கொடையைக் கொண்டு உடனே கும்பகோணத்திலோ கோயமுத்தூரிலோ வீடு வாங்கிவிடுகின்றனர். இவ்வவசரம் தகாதென்பது நமது அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம்; பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு இவை நாலரை லட்சமாகும். ஊர் ஒத்துவராமல் வீட்டை விற்க நேர்ந்தால், அத்தொகை திரும்பாது. மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு அதுவே 30 மாதங்களுக்குப் போதும்.

ஆகையால் முதல் ஓராண்டு வாடகைக்குக் குடியிருப்பதே விவேகம். சித்திரையில் கிணறு வற்றுமா, ஐப்பசி மழையில் தெருவில் வெள்ளம் நிற்குமா, நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் வைத்தியரை எவ்வளவு நேரத்தில் அடையலாம் என்பனவற்றைத் தரகர் சொல்லார். அங்கே வசித்தே அறிதல் வேண்டும். 2019 முதல் அமலிலுள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்வது அவசியம்.

வாடகை வீடு கௌரவக் குறைவென்பாருளர். ஆயுட்காலச் சேமிப்பை ஒரே கையெழுத்தில் முடக்குவதன்றோ குறைவு?

இன்னுமொன்று. கணவனுக்குப் பின் அவ்வூரில் தனித்திருக்க நேர்வது பெரும்பாலும் மனைவிக்கே. ஊரைத் தேர்வதில் முதல் வாக்கு அவளுடையதாகுக.